விழித்திருக்கும் திரை

(பாரிஸ் லாச்சப்பலில் நடந்து, இணையத்தில் நேரலையாகவும் ஒளிபரப்பான இலக்கிய மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்தச் சின்ன மண்டபத்துக்குப் படியேறி வந்திருக்கிறவர்களுக்கும், ரொறன்ரோவில் மத்தியானச் சாப்பாட்டுக் கோப்பையோடும் சிட்னியில் விடியப்புறம் கண்ணைக் கசக்கிக்கொண்டும் நேரலையில் பார்க்கிறவர்களுக்கும் என் நன்றி.

நான் தாதி. எழுதுகிறேன், ஆனால் சம்பளம் தருவது தாதித் தொழில்தான். அமைப்பாளர் அண்ணா தலைப்புக் கேட்டபோது 'ஸ்கிரீன் சேவர்' என்றேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தங்கச்சி, இது இலக்கியக் கூட்டம், கணினி வகுப்பு இல்லை" என்றார். "கொஞ்சம் வகுப்பும் இருக்கும் அண்ணா, பொறுத்துக்கொள்ளுங்கோ" என்றேன். உங்களிடமும் அதையே கேட்கிறேன். வகுப்பு முடிய நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வந்துவிடுவேன்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். நாங்கள் தொடாமல் விட்ட கணினி, கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானாக ஏதோ ஒரு படத்தையோ அசைவையோ காட்டத் தொடங்குகிறது. ஆங்கிலம் இதை 'சேவர்' என்கிறது, திரையைக் காப்பாற்றுவது. பிரெஞ்சில் 'எக்ரான் து வேய்'. இந்த 'வேய்' என்ற சொல் எங்கள் தொழிலில் ஒவ்வொரு இரவும் புழங்குவது. கண்விழித்திருப்பது என்று பொருள். நோயாளிக்குப் பக்கத்தில் இரவு முழுக்க இருப்பதற்கும் இதே சொல்லிலிருந்து வரும் வினைதான். கட்டிலுக்கு மேலே இரவில் எரிகிற சின்ன விளக்கு 'வேயோஸ்'. செத்தவீட்டில் உடலோடு இரவிருப்பது 'வேயே'. உயிர்ப்பு ஞாயிறுக்கு முதல் இரவு கோவிலில் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறோமே, அந்தப் பாஸ்கா திருவிழிப்பும் 'வேயே'தான். கணினி உறங்கப்போவதைக்கூட இவர்கள் 'வேய்'க்குப் போகிறது என்றுதான் சொல்வார்கள். உறங்குகிற பொருளுக்கு விழிப்பு என்று பெயர்! முழுதாக அணையவில்லை, தொட்டால் எழும்பும் என்பதுதான் அதன் கருத்து.

தமிழில் சிலர் 'திரைக்காப்பு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். எங்கள் பழைய நூல்கள் காப்புச் செய்யுளோடு தொடங்குகின்றன. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதலாவது காப்புப் பருவம். பிள்ளையைக் காக்கச் சொல்லி ஒவ்வொரு தெய்வமாக வேண்டுவது. நான் பாசையூரில் கத்தோலிக்கப் பிள்ளையாக வளர்ந்தவள். படுக்கப் போகும்போது காவல் சம்மனசிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கண்ணை மூடவேண்டும் என்று பழக்கினார்கள். ஆக, காப்பு என்ற சொல்லுக்குள் ஒரு பிள்ளை இருக்கிறது, அதைப் பற்றிக் கவலைப்படும் ஒரு தாயும் இருக்கிறாள். இதை மனதில் வைத்திருங்கள். பிறகு தேவைப்படும்.

இனி வகுப்பு. பழைய கணினித் திரை கண்ணாடிக் குழாய். பின்னாலிருந்து பாய்கிற எலெக்ட்ரோன் கதிர், கண்ணாடியின் உட்புறத்தில் பூசிய ஒளிரும் பூச்சில் பட்டுத்தான் எழுத்துத் தெரியும். ஒரே எழுத்து ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் அந்த இடத்துப் பூச்சுத் தேய்ந்துவிடும். திரையை அணைத்தாலும் எழுத்தின் சாயல் போகாது. பழைய வங்கி இயந்திரங்களில் பார்த்திருப்பீர்கள். வேறு எதையோ காட்டிக்கொண்டிருக்கும் திரையில், பின்னாலே பழைய வரவேற்பு வாசகம் ஆவி மாதிரித் தெரியும்.

இதற்கு மருந்தாக, 1983 டிசெம்பரில் ஜோன் சோசா என்ற நிரலாளர் 'சொஃப்ட்டோக்' என்ற சஞ்சிகையில் ஐபிஎம் கணினிக்கான ஒரு சிறிய நிரலை வெளியிட்டார். மூன்று நிமிடம் விசைப்பலகையை யாரும் தொடாவிட்டால் திரையைக் கறுப்பாக்கிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. 1989இல் பெர்க்லி சிஸ்டம்ஸ் நிறுவனம் 'ஆஃப்டர் டார்க்' என்ற பெயரில் மக்கின்டோஷுக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் இறக்கை முளைத்த பாண் வாட்டும் இயந்திரங்கள் கறுப்பு வானத்தில் பறந்தன. காப்பு என்று தொடங்கியது அதோடு வேடிக்கை ஆகிவிட்டது. பிறகு விண்டோஸ் வந்தது. நட்சத்திரங்கள் எங்களை நோக்கிப் பறந்து வந்ததும், குழாய்கள் திரை முழுக்க வளர்ந்ததும், செங்கல் சுவர்ச் சந்துக்குள் முடிவில்லாமல் நடந்ததும் என் வயதுக்காரருக்கு ஞாபகம் இருக்கும்.

லாச்சப்பலிலும் இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 2000களின் தொடக்கத்தில் ஃபோபூர் சன் துனி வீதியிலும் அதை வெட்டிப்போகிற சின்னத் தெருக்களிலும் தொலைபேசிக் கடைகள் நிறைய இருந்தன. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ஊருக்குக் கதைத்துவிட்டு, வெளியே வந்து காசு கொடுக்கவேண்டும். அப்படி ஒரு கடையில், காசு வாங்குகிறவரின் கணினியில் ஓடும் எழுத்து ஸ்கிரீன் சேவர் போட்டிருந்தார்கள். செட்டிங்ஸ் சாளரத்தில் நீங்கள் விரும்பிய வாசகத்தைத் தட்டச்சுச் செய்யலாம், எழுத்துருவைத் தெரியலாம், நிறத்தை மாற்றலாம், ஓடும் வேகத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். கடைக்காரர் பாமினி எழுத்துருவில் "அம்மாவோடு கதைக்க இங்கே வாருங்கள்" என்று போட்டிருந்தார். மஞ்சள் எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். ஒரு நாள் யாரோ சின்னப் பிள்ளை விளையாடி எழுத்துருவை மாற்றிவிட்டது. அன்றைக்குத் திரையில் ஓடியது வெறும் ஆங்கில எழுத்துக்கள். பாமினியில் 'அம்மா' என்று தட்டுகிறவருக்குத் தெரியும்: எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, பிறகு எச். அதுதான் ஓடியது. வரிசையில் நின்ற சனம் பார்த்துச் சிரித்தது. ஆனால் அந்த வரிசையில் நின்ற எங்களில் பாதிப் பேருக்கு அதை வாசிக்கவும் தெரிந்திருந்தது. எழுத்துருவை இழந்த 'அம்மா'வையும் வாசிக்கத் தெரிந்த சனம் நாங்கள்.

இன்றைக்குத் தட்டைத் திரைகளுக்குப் பெரும்பாலும் இந்தக் காப்புத் தேவையில்லை. ஓலெட் வகைத் திரைகளில் மட்டும் பழைய தேய்மான நோய் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. மின்சாரம் மிச்சம் பிடிக்கவும் ஸ்கிரீன் சேவர் உதவாது. படம் ஓடினால் மின்சாரமும் ஓடும். மிச்சம் வேண்டுமானால் திரையை அணைக்கவேண்டும். அப்படியானால் ஏன் இன்னும் இருக்கிறது? யாரும் தொடாத நேரத்திலும் திரையில் ஏதாவது இருக்கவேண்டும் என்று மனிதர்கள் விரும்புகிறார்கள். அதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

இப்போது அந்தச் சாளரத்தைத் திறப்போம். லினக்ஸ் கணினிகளில் 'எக்ஸ்ஸ்கிரீன்சேவர்' என்று ஒன்று உண்டு. ஜேமி ஸவின்ஸ்கி என்ற அமெரிக்கர் 1992இல் வெளியிட்டது. நெட்ஸ்கேப் உலாவியின் தொடக்ககால நிரலாளர்களில் அவரும் ஒருவர். 30 வருடங்களுக்கு மேலாக அதை விடாமல் திருத்திக்கொண்டிருக்கிறார். அதற்குள் 200க்கு மேற்பட்ட காட்சிகள் இருக்கின்றன. ஒன்று, கணினி பழுதாகிவிட்ட மாதிரி நடிக்கும். பல வகைக் கணினிகளின் மரணத் திரைகளை ஒவ்வொன்றாகக் காட்டும். தெரியாதவர் பார்த்தால் மின்கம்பியைக் கழற்றிவிடுவார்.

அதன் செட்டிங்ஸ் சாளரத்தில் 'முறை' என்று ஒரு பெட்டி. அதைத் திறந்தால் முக்கியமாக நான்கு தெரிவுகள். முதலாவது, ஸ்கிரீன் சேவரே வேண்டாம். திரை இருந்தபடி இருக்கட்டும். இரண்டாவது, கறுப்பு மட்டும். மூன்றாவது, ஒன்றே ஒன்று. பட்டியலில் நீங்கள் தெரிந்த ஒரு காட்சி மட்டும் எப்போதும் வரும். நான்காவது, எழுமாற்று. இலங்கையில் கணிதம் படித்தவர்களுக்கு எழுமாற்று என்றால் விளங்கும், திருவுளச்சீட்டு மாதிரி. பட்டியலில் சரி போட்டிருக்கிற காட்சிகளில் எது வேண்டுமானாலும் வரும், குறித்த நிமிடத்துக்கு ஒருமுறை வேறொன்றுக்கு மாறும். நீங்கள் ஒன்றையும் தொடாமல் விட்டால் இருப்பது இந்த நான்காவதுதான். முறைக்குக் கீழே நேரங்கள்: எத்தனை நிமிடத்தில் தொடங்கவேண்டும், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை மாறவேண்டும், பூட்டவேண்டுமா. பக்கத்துத் தாளில், படங்களை எந்த அடைவிலிருந்து எடுக்கவேண்டும், எப்போது திரை முழுதாக அணையவேண்டும் என்ற விபரங்கள். வகுப்பு இவ்வளவுதான்.

இனி ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அவர் என் நோயாளி அல்ல. கோவிலில் தெரிந்த குடும்பம். நோயாளியாக இருந்திருந்தால் இந்த மேடையில் ஒரு சொல்லும் சொல்லியிருக்கமாட்டேன். மகளின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

அம்மாவுக்கு 80 தாண்டிவிட்டது. முல்லைத்தீவுக் கரைச் சனம். இங்கே பாரிசுக்கு வெளியே மகளோடு இருக்கிறார். மகள் விடிய ஐந்தரைக்கு வேலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவாள். வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி. கனடாவிலிருந்து பேரப்பிள்ளைகள் அதில்தான் கதைப்பார்கள். தெரிந்த தம்பி ஒருவர் அதைத் துடைத்து, லினக்ஸ் போட்டு, எக்ஸ்ஸ்கிரீன்சேவரையும் போட்டுக் கொடுத்தார். அம்மா பகலில் தனியாக இருக்கிறார், படங்கள் வந்து போகட்டும் என்று மகள் குடும்பப் படங்களை ஓர் அடைவில் சேர்த்து வைத்தாள். 412 படங்கள். கலியாணங்கள், முதல்நன்மை, சாமத்தியவீடு, லூர்து மாதா யாத்திரை, கனடாவில் பனிக்குள் நிற்கிற பிள்ளைகள்.

அதில் மூன்று படங்கள் அம்மாவின் கடைசி மகனுடையவை. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வன்னியில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியவர்களின் அல்பங்கள் என்ன ஆகின என்று இங்கே இருக்கிற பலருக்குத் தெரியும். தறப்பாளோடும் பாத்திரத்தோடும் அவையும் போய்விட்டன. மிஞ்சியது, முதலே வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்த படங்கள் மட்டும். அப்படித்தான் அந்த மூன்றும் பிழைத்தன. ஒன்று பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டோடு. ஒன்று சைக்கிள் பிடித்தபடி. ஒன்று அக்காவின் கலியாணத்தில், பந்திக்குப் பின்னால், பாதி முகம்.

இரண்டு கிழமை கழித்து மகள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "அக்கா, அம்மா அழுறா. தம்பியின்ர முகம் உருகுதாம். எனக்கு விளங்கேல்லை. ஒருக்கா வந்து பாருங்கோ" என்றாள். வயதானவர்கள் இல்லாததைக் காண்பது எங்கள் தொழிலில் நாளாந்தம். அப்படித்தான் ஏதோ என்று எண்ணிக்கொண்டு ஞாயிறு பூசை முடிய அந்த வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து திரையைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் சைக்கிள் படம் வந்தது. வந்து நின்ற கையோடு, மேலிருந்து கீழாக, மெழுகு மாதிரி வழியத் தொடங்கியது. அம்மா சொன்னது அப்படியே உண்மை. நெற்றி கண்ணுக்குள் இறங்கியது. அதற்குப் பிறகு வந்த இன்னொரு காட்சி வேறொரு படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, புதிர்ப்படம் மாதிரிக் கலைத்துப் போட்டது.

என்ன நடந்தது என்றால், முறை எழுமாற்றில் இருந்தது. அந்த 200 காட்சிகளில் ஒரு பகுதி படங்களை எடுத்து விளையாடுபவை. ஒன்று உருக்கும், ஒன்று வெட்டும், ஒன்று தண்ணீரலை மாதிரி நெளிக்கும், ஒன்று சுழற்றும். எல்லாவற்றுக்கும் படம் எடுக்கிற அடைவு ஒன்றுதான். மகள் காட்டிய அடைவிலிருந்து அவை படத்தை எடுத்து, தங்கள் வேலையைச் செய்தன. நிரலில் ஒரு பிழையும் இல்லை. மேசைப் படத்தையோ ஒரு பூவின் படத்தையோ அப்படி உருக்கினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அம்மா என்னைக் கேட்டார்: "பிள்ளை, ஆரும் சொன்னவையோ இதுக்கு, இப்பிடிச் செய்யச் சொல்லி?"

எனக்கு இந்தக் கேள்வி பெரிய கேள்வியாகப் பட்டது. எங்கள் தேசத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டபடிதான் ஆயிரக்கணக்கான தாய்மார் இருக்கிறார்கள். ஆர் சொன்னது? ஆர் உத்தரவு? "இல்லை அம்மா, ஒருத்தரும் சொல்லேல்லை. ஒருத்தரும் ஒண்டும் சொல்லாமல் விட்டபடியால்தான் இது தன்ர பாட்டுக்குச் செய்யுது" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நீ சொல்லு" என்றார்.

நான் செட்டிங்ஸ் சாளரத்தைத் திறந்தேன். அம்மாவையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஒவ்வொரு முறையாகச் சொல்லி, விருப்பத்தைக் கேட்டேன். கறுப்பு மட்டும் போடவா? "வேண்டாம், பிள்ளையள் ஒருத்தரையும் காணேலாது." ஒன்றே ஒன்று? அதைக் கேட்டதும் முகம் மாறியது. ஒரே படம், மகனுடைய படம் மட்டும் எப்போதும் நிற்கும் என்று அவர் விளங்கிக்கொண்டார். "அது வேண்டாம். அவனைத் தனிய விடாதேங்கோ" என்றார்.

ஏன் என்று உங்களுக்கு விளங்கும். கீழே இறங்கிப் போனால் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கிறது: மரண அறிவித்தல், கண்ணீர் அஞ்சலி, முப்பத்தொராம் நாள். நடுவில் ஒரு முகம், சுற்றிவரப் பூ. எங்கள் கண்ணுக்கு, தனியாக நடுவில் நிற்கிற முகம் என்றால் செத்தவருடைய முகம். அந்த வீட்டில் மகனின் படத்துக்கு இன்னும் மாலை போடவில்லை. திருநாள் வந்தால் அவருக்கும் ஒரு சேட்டு வாங்குகிறார்கள். செத்தவராக எண்ணி இன்னும் பூசை ஒப்புக்கொடுக்கவில்லை. மரித்த விசுவாசிகள் நாளில் கோவிலில் பெயர்கள் வாசிக்கும்போது அவர் பெயரைக் கொடுப்பதில்லை. ஒரு சாளரத்தில் ஒரு தெரிவை மாற்றி அந்த முடிவை நான் எடுக்க முடியாது.

ஆனால் 'ஒன்றே ஒன்று' என்பது ஒரே படம் அல்ல. ஒரே காட்சி முறை. பட்டியலில், படங்களை மெதுவாகக் காட்டி, கொஞ்சம் கிட்ட நகர்த்தி, அடுத்ததுக்குள் மங்கிப் போகிற காட்சி ஒன்று இருக்கிறது. அதை மட்டும் தெரிந்தால் உருக்குவதும் வெட்டுவதும் வராது. 412 படங்களும் வரும். இதை விளங்கப்படுத்தினேன். "எல்லாரோடையும் சேர்ந்து வருவானோ?" என்று கேட்டார். வருவார் என்றேன். "அப்பிடியெண்டால் சரி."

ஒரு படத்துக்கு 20 விநாடி வைத்தோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 412 படத்துக்கு 8,240 விநாடி. அதில் மகனுடைய படங்கள் மூன்று. ஆகச் சராசரியாக முக்கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வருவார். ஆனால் அடைவிலிருந்து படம் எடுப்பது எழுமாறாகத்தான். சில நேரம் அடுத்தடுத்து இரண்டு தடவை வருவார். சில நேரம் இரண்டு மணித்தியாலம் வரமாட்டார். அம்மா இதைப் பழகிக்கொண்டார். பின்னேரம் மகள் வந்ததும் சொல்வாராம்: "இண்டைக்கு நாலு தரம் வந்தவன்." இன்னொரு நாள்: "இண்டைக்கு இன்னும் வரேல்லை." மகளுக்கு மனம் தாங்கவில்லை. தம்பியின் படங்களை இருபது இருபது பிரதியெடுத்து அடைவில் போடலாம் அக்கா, அடிக்கடி வருவான் என்று என்னிடம் சொன்னாள். அது செய்யலாம், சுலபம். அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய் என்றேன். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். "வாற நேரம் வரட்டும்."

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் படங்களோடு தெருவோரத்தில் இருந்தார்கள். நான்கு நாள் கழித்து வவுனியாவில். அது ஒரு நாளில் முடிகிற ஆர்ப்பாட்டமாக இருக்கவில்லை, வருடக்கணக்காக நீண்டது. காணாமல்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது, ஆணையாளர்கள் 2018இல் நியமனமானார்கள், தாய்மார் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. பதில் வருமுன்னே கண்ணை மூடிய தாய்மார் பலர். கையில் படத்தோடு வெயிலில் இருப்பதை என்ன சொல்லால் சொல்வது? போராட்டம் என்கிறோம். எனக்கு 'வேய்' என்ற பிரெஞ்சுச் சொல்தான் வருகிறது. செத்தவீட்டில் இரவிருப்பதற்கும், உயிர்ப்புக்குக் காத்து நிற்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். இவர்களுடைய விழிப்பு இந்த இரண்டில் எது என்று தெரியாமலேயே இவர்கள் விழித்திருக்கிறார்கள்.

மற்ற முறைகளையும் பார்த்துவிடுவோம். கறுப்பு மட்டும் என்ற முறையை நான் குறைத்துப் பேசமாட்டேன். எங்கள் வேலையில் அதற்கு ஒரு தனி மரியாதை இருக்கிறது. கட்டிலோடு பொருத்திய கண்காணிப்புத் திரையில் இதயத் துடிப்பும் ஒட்சிசனும் ஓடிக்கொண்டிருக்கும். கடைசி மணித்தியாலங்களில், பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் கண் அந்த எண்ணில்தான் இருக்கும். எண்பத்தொன்று, எழுபத்தொன்பது என்று. தகப்பனின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. இப்படியான பல கருவிகளில், அறைக்குள் இருக்கிற திரையை மட்டும் மறைத்துவிட்டு, தாதியர் மேசையில் உள்ள மையத் திரையில் தொடர்ந்து கண்காணிக்கிற ஒரு முறை உண்டு. அதைப் போட்டுவிடுவோம். அறைக்குள் கறுப்பு. முதலில் பிள்ளைகள் தடுமாறுவார்கள். பிறகு தகப்பனின் பக்கம் திரும்புவார்கள். கண்காணிப்பு நிற்கவில்லை, எங்கள் தலையில் இருக்கிறது. அவர்களுக்கு முகம் கிடைக்கிறது.

அடுத்தது பூட்டு. வார்ட்டில் நாங்கள் எழுந்து போன சில நிமிடத்தில் திரை பூட்டவேண்டும். நோயாளியின் பெயரும் நோயும் வழியால் போகிறவருக்குத் தெரியக்கூடாது. பிரான்சில் தொழில் இரகசியத்தை வெளியிடுவது குற்றவியல் சட்டத்தின் 226-13ஆம் பிரிவின்படி ஒரு வருடச் சிறையும் 15,000 யூரோ தண்டமும் வரக்கூடிய குற்றம். எங்கள் சனம் பலருக்கு இந்தப் பூட்டின் அருமை தெரியாது. "அந்த ஆஸ்பத்திரியிலதானே நிக்கிறீர், இன்னாருக்கு என்ன வருத்தமாம்?" என்று லாச்சப்பலில் மரக்கறி வாங்கும்போது கேட்பார்கள். தெரியாது என்று சொல்வேன். கோபிப்பார்கள். அந்த இன்னார் நீங்களாக இருக்கும் நாளில் இந்தக் கோபம் நன்றியாக மாறும். ஆனால் அந்த அம்மாவின் கணினியில் பூட்டை எடுத்துவிட்டேன். கனடாவிலிருந்து பேரன் கூப்பிடும்போது கடவுச்சொல் கேட்டு நிற்கிற திரையை அவர் என்ன செய்வார்? ஒரே சரி அடையாளம். ஓரிடத்தில் போடுவது பாதுகாப்பு, மற்ற இடத்தில் எடுப்பது பாதுகாப்பு. எந்தக் கணினிக்கு முன்னால் யார் இருக்கிறார் என்று தெரியாமல் சரியான அமைப்பு என்று ஒன்று இல்லை.

இது இலக்கியக் கூட்டம் என்பதை மறக்கவில்லை அண்ணா, வருகிறேன்.

எங்கள் புலம்பெயர் எழுத்தை வாசிக்கும்போது, நாங்கள் எந்த முறையில் வைத்திருக்கிறோம் என்று யோசிப்பேன். நிறையப் பேர் 'ஒன்றே ஒன்று', அதுவும் ஒரே படம். பனை, கிணறு, படலை, கோவில் மணி. முப்பது வருடமாக ஒரே இடத்தில் நிற்கிற படம். பழைய குழாய்த் திரைக்கு என்ன நடந்தது என்று சொன்னேனே: பூச்சுத் தேய்ந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் சன் துனியைப் பற்றி எழுதினாலும் ஸ்காபரோவைப் பற்றி எழுதினாலும் பின்னாலே அந்தப் பனை ஆவியாகத் தெரியும். சிலர் கறுப்பைத் தெரிந்துகொண்டார்கள். "ஊர்க் கதையை விடுங்கோ, இனி இங்கத்தைய வாழ்க்கையை எழுதுங்கோ" என்கிறார்கள். சிலருக்கு மௌனம் தேவையாகவும் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்லேன். இப்போது முகநூல் வந்த பிறகு பெரும்பாலும் எழுமாற்று. காலையில் எழும்பினால், 'இந்த நாளில் உங்கள் நினைவு' என்று ஏதோ ஒரு முகத்தைத் தூக்கிக் காட்டுகிறது. செத்தவரா, பிரிந்தவரா, காணாமல்போனவரா என்று அதற்குத் தெரியாது. பார்த்து அழுகிறோம், இதயக்குறி போடுகிறோம், கீழே தள்ளிவிடுகிறோம்.

எனக்கு அந்த அம்மா தெரிந்த முறை பெரிய இலக்கியக் கொள்கையாகத் தெரிகிறது. போனவரை உருக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். தனியாக நடுவில் வைத்து மாலையும் வேண்டாம். பனிக்குள் நிற்கிற பேரப்பிள்ளைக்கும், லூர்தில் மெழுகுதிரி பிடித்து நிற்கிற மகளுக்கும் நடுவே, தன் முறை வரும்போது வரட்டும். அடிக்கடி வரவைக்கப் பிரதியெடுக்கவும் வேண்டாம். நான் எழுதிய சில கதைகளில் செத்தவர்கள் ஒவ்வொரு பக்கத்திலும் வருகிறார்கள். இனி எழுதும்போது இந்த அம்மாவிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வேன்.

இன்னுமொன்று சொல்லி முடிக்கிறேன். இது வேண்டுகோள். உங்கள் வீட்டில் அம்மா, அப்பா, மாமி யாராவது வயதானவர் தனியாக ஒரு திரைக்கு முன்னால் இருக்கிறாரா? கணினியோ, தொலைக்காட்சியோ, படம் மாறுகிற சட்டமோ, எதுவாக இருந்தாலும் சரி. இந்த வார இறுதியில் பத்து நிமிடம் ஒதுக்கி, அவருக்குப் பக்கத்தில் இருந்து, யாரும் தொடாதபோது அதில் என்ன வருகிறது என்று நீங்களும் பாருங்கள். செட்டிங்ஸைத் திறந்து ஒவ்வொன்றாக அவரிடமே கேளுங்கள். எந்தப் படம் வரலாம், எது வேண்டாம், எத்தனை விநாடி நிற்கவேண்டும். இரவில் வேண்டுமா? அந்த அம்மா இரவில் வேண்டாம் என்றார். இருட்டில் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போகும்போது மகனைக் கண்டால் பிறகு நித்திரை வராதாம். அந்தச் சாளரத்தில் இரவுக்கென்று தனி ஏற்பாடு இல்லை. ஆகவே மகள் படுக்கப் போகும்போது மடிக்கணினியின் மூடியைக் கையால் மூடுகிறாள். விடிய வேலைக்குப் போகுமுன் திறந்து வைக்கிறாள்.

படங்களையும் ஒரே கணினியில் விட்டுவைக்காதீர்கள். இன்னொரு பிரதி எடுத்து இன்னொரு வீட்டில், இன்னொரு நாட்டில் இருக்கிற உறவிடம் கொடுங்கள். அந்த மூன்று படங்களும் பிழைத்தது அப்படித்தான்.

நேரலையில் இருக்கிறவர்கள் கேள்விகளை எழுதினால் அண்ணா வாசிப்பார். வருத்தம் பற்றிக் கேட்டால் மட்டும் பதில் சொல்லமாட்டேன்.